டிபிஎஃப் லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுற டிரெய்லர்: மணலி ஷெட்ல பாத்த வேலை

வண்டி பிஎஸ்6 கன்டெய்னர் டிரெய்லர், 40 அடி பெட்டி இழுக்குறது. ஓடுற ரூட்டு சென்னை துறைமுகம் ஜீரோ கேட்ல இருந்து மணலி, மாதவரம் பக்கம் இருக்குற யார்டு, சில நாள் எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. கம்ப்ளெயின்ட் ஒரே வரிதான்: டிபிஎஃப், அதாவது புகையில வர்ற கரியைப் பிடிக்குற ஃபில்டரோட லைட்டு எரியுது, ரெண்டு மூணு நாள்ல பவர் கட் ஆகுது, எங்கயாவது கொண்டு போய் லேப்டாப் போட்டு ஃபோர்ஸ்டு ரீஜென் (பிடிச்ச கரியை நாமளே எரிய வைக்குறது) அடிச்சா சரியாகுது, கொஞ்ச நாள்ல மறுபடி எரியுது. ஓனர் ஃபைல்ல இருந்த பில்லை எல்லாம் எடுத்து டேபிள் மேல போட்டாரு. டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார் மாத்தியாச்சு, புகையில இருக்குற நைட்ரஜன் ஆக்சைடை அளக்குற நாக்ஸ் சென்சார் ஒண்ணு மாத்தியாச்சு, டிபிஎஃப்பை கழட்டி வாட்டர் சர்வீஸ் பண்ற கன்னுல தண்ணி அடிச்சு வேற கழுவியிருக்காங்க. இதுக்கு மேல புது டிபிஎஃப் தான் போடணும்னு ஒரு இடத்துல, இல்லன்னா உள்ள இருக்குறதை குடைஞ்சு எடுத்துட்டு ப்ரோக்ராம் மாத்திரலாம்னு இன்னொரு இடத்துல சொல்லியிருக்காங்க.

குடையுற வேலையை நான் எடுக்குறதில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல வண்டியை கம்பெனி கொடுத்த நிலையில இருந்து மாத்தக் கூடாதுன்னு இருக்கு, அது ஒரு பக்கம். எனக்கு அதைவிட பெரிய காரணம், டிபிஎஃப் அடைக்குதுன்னா எஞ்சின்ல ஏதோ ஒண்ணு அளவுக்கு மேல கரி அனுப்புது, இல்ல அந்த கரி எரிய வேண்டிய சூடு கிடைக்கல, டிபிஎஃப்பை எடுத்துட்டா அதை சொல்றதுக்கு ஆளே இல்லாம போயிடும், அப்புறம் டர்போவோ பேரிங்கோ போறப்பதான் தெரியும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா, சைலன்சர் பெட்டிக்குள்ள முதல்ல டிஓசி (எரியாத டீசலை எரிக்குற கேட்டலிஸ்ட்), அதுக்கு அப்புறம் டிபிஎஃப், அதுக்கும் பின்னாடி எஸ்சிஆர் (யூரியா அடிச்சு நாக்ஸைக் குறைக்குறது). டிபிஎஃப் கரியை பிடிச்சு வெச்சுக்கும். வண்டி நல்ல லோடுல ஓடும்போது புகை 300 டிகிரி சுமாருக்கு சூடா இருந்தா அந்த கரி தானா கொஞ்சம் கொஞ்சமா எரிஞ்சு போயிடும். அது பத்தலன்னா இசியு (எஞ்சினோட கம்ப்யூட்டர்) தானே டீசலை லேட்டா உள்ள விட்டு, அதை டிஓசில எரிய வெச்சு, டிபிஎஃப்பை 550, 600 டிகிரிக்கு கொண்டு போய் கரியை எரிக்கும். இதுதான் ரீஜென். ஆனா டிஓசில டீசல் பத்திக்கணும்னா அதுக்கு முன்னாடியே புகை 250 டிகிரிக்கு மேல இருக்கணும். ஐடிலிங்ல நிக்குற வண்டில அந்த சூடு கிட்டயே வராது.

நம்ம ஏரியா வண்டி எப்படி ஓடுதுன்னு இங்க இருக்குறவங்களுக்கு தெரியும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லைன் நின்னா மணிக்கணக்கா நிக்கும், எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும், அஞ்சடி நகரும், மறுபடி நிக்கும். அதனால டிபிஎஃப் கம்ப்ளெயின்ட் வந்தா எல்லாரும் "லைன்ல நிக்குற வண்டி சார், அப்படித்தான் அடைக்கும்"னு முடிச்சிருவாங்க. ஓனரும் அதையேதான் நம்பிட்டு இருந்தாரு. நான் கேட்டது ஒண்ணுதான், உங்க கிட்ட இதே மாடல் இன்னொரு வண்டி இருக்கே, அதே லைன்ல தானே நிக்குது, அது ஏன் அடைக்கல? அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல. லைன் ஒரு காரணம்தான், ஆனா அது மட்டும் காரணம் இல்லன்னு அங்கயே தெரிஞ்சு போச்சு.

ஸ்கேனரை சொருகுறதுக்கு முன்னாடி டிரைவர் தம்பியை கூப்பிட்டு உக்கார வெச்சேன். இது என் வழக்கம், ஓனர் முன்னாடி டிரைவருங்க பாதிதான் சொல்லுவாங்க, டீ வாங்கிக் கொடுத்து தனியா கேட்டா முழுசா வரும். லைட்டு லோடுல எரியுதா எம்ட்டில எரியுதா, காலையிலயா ராத்திரியா, எரியுறதுக்கு முன்னாடி புகை எப்படி இருந்துச்சு, யூரியா எவ்வளவு குடிக்குது, இப்படி கேட்டுக்கிட்டே வந்தேன். ஹீட் எப்படிப்பான்னேன்.

"ஹீட்டா? போன கத்திரில ரொம்ப பேஜாரு பண்ணுச்சுணா, லைன்ல நின்னாலே முள்ளு மேல போயிடும், அப்ப ஒரு இடத்துல வேலை பாத்தாங்க, அதுக்கப்புறம் ஏறுறதே இல்லணா, எவ்ளோ லோடு போட்டாலும் சும்மா ஜில்லுனு ஓடுது."

ஜில்லுனு ஓடுற டீசல் எஞ்சினைப் பத்தி யாராவது பெருமையா சொன்னா எனக்கு அங்கயே சந்தேகம் வந்துரும். டிபிஎஃப் கம்ப்ளெயின்ட் எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு கேட்டா, "அதுக்கு அப்புறம் தாங்ணா"ன்னான்.

இப்ப ஸ்கேனர். ஆக்டிவ்ல இருந்த கோடு எஸ்பிஎன் 3251, எஃப்எம்ஐ 0 (எஸ்பிஎன்னா எதுல கோளாறு, எஃப்எம்ஐன்னா என்ன மாதிரி கோளாறு), அதாவது டிபிஎஃப்போட முன்னாடி பின்னாடி பிரஷர் வித்தியாசம் ரொம்ப அதிகம். அதைப் பாத்துட்டுதான் எல்லாரும் சென்சாரை மாத்தியிருக்காங்க. நான் பழைய கோடு லிஸ்டுக்குள்ள போனேன். இன்ஆக்டிவ்ல, யாரும் கண்டுக்காம, எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 18 கிடந்துச்சு. 110ன்னா கூலன்ட் டெம்பரேச்சர், 18ன்னா ரீடிங் ஒழுங்காதான் வருது, ஆனா இருக்க வேண்டியதை விட கம்மியா இருக்கு. எல்லா கம்பெனி வண்டியும் இந்த கோடை போடாது, இந்த வண்டி போட்டுச்சு, போட்டும் யாரும் படிக்கல. நிறைய பேர் ஸ்கேனரை சொருகுன உடனே முதல் வேலையா எல்லா கோடையும் கிளியர் பண்ணிட்டு "வருதான்னு பாப்போம்"னு ஆரம்பிக்குறாங்க, தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க, இன்ஆக்டிவ் கோடும் அது எத்தனை தடவை வந்துச்சுங்குற எண்ணிக்கையும்தான் திரும்பத் திரும்ப வர்ற கம்ப்ளெயின்டுக்கு சாட்சி. போன்ல போட்டோ எடுத்து வெச்சுட்டு அப்புறம் அழிங்க.

3251 வந்த நேரத்துல இசியு பதிஞ்சு வெச்ச ரீடிங்ல (ஃப்ரீஸ் ஃப்ரேம்) கூலன்ட் 61 டிகிரி. ரீஜென் ஹிஸ்டரில ஆரம்பிச்சது நிறைய, முழுசா முடிஞ்சது ரொம்ப கம்மி, பாக்கி எல்லாம் நடுவுல நின்னு போனது.

லோடோட ஒரு ரன் எடுத்தோம். மணலில இருந்து எம்எஃப்எல் ஜங்ஷன், அங்க இருந்து பொன்னேரி ரோட்டுல மணலி புதுநகர் தாண்டி ஆண்டார்குப்பம் வரைக்கும். லைவ் டேட்டாவுல கூலன்ட், பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்), டிஓசி முன்னாடி சூடு, டிபிஎஃப்ல சேந்த கரி அளவு நாலையும் ஓட விட்டேன். மத்தியான வெயில், பின்னாடி முழு லோடு, கூலன்ட் 72 தாண்டல. ரோட்டுல கொஞ்சம் ஸ்லோ ஆனா 65க்கு இறங்குது. இந்த எஞ்சின்ல தெர்மோஸ்டாட் (சூடான பிறகுதான் தண்ணியை ரேடியேட்டருக்கு விடுற வால்வு) 82, 83ல தான் திறக்கவே ஆரம்பிக்கணும், அப்ப 80க்கு மேலதான் நிக்கணும். இந்த வண்டியோட இசியு கூலன்ட் 70 தாண்டுனாதான் ரீஜென் ஆரம்பிக்க விடுது. அதான் 72 வந்தப்ப ஆரம்பிக்குது, அடுத்த சிக்னல்ல 66க்கு வந்த உடனே நிறுத்துது. போகப் போக கரி ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

இதுல இன்னொரு கொடுமை இருக்கு. ரீஜெனுக்குன்னு லேட்டா விடுற டீசல் முழுசா எரியாது, கொஞ்சம் சிலிண்டர் சுவத்துல வழிஞ்சு கீழ ஆயில்ல கலக்கும். சைலன்சர் பைப்புலயே தனியா டீசல் அடிக்குற வண்டிங்கள்ல இந்த தொல்லை இல்ல, இது சிலிண்டருக்குள்ள விடுற டைப்பு. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாத்தேன், ஆயில் மேல் கோட்டுக்கும் மேல நிக்குது. டிரைவர் "ஆயிலே குடிக்கல ணா, ஏறித்தான் இருக்கு"ன்னு சந்தோஷமா சொல்றான். மோந்து பாத்தா டீசல் வாடை. ஒரு சொட்டு ஃபில்டர் பேப்பர்ல விட்டு வெச்சேன், நடுவுல கருப்பு, அதைச் சுத்தி வெளிய வரைக்கும் மஞ்சளா ஒரு வளையம் பரவுச்சு, அதுதான் டீசல். டிபிஎஃப் சரியாகலன்னா காசுதான் போகும், இந்த ஆயிலோட இன்னும் கொஞ்ச மாசம் ஓட்டுனா பேரிங்கே போயிடும்.

ஷெட்டுக்கு வந்து கேபினைத் தூக்கி, எஞ்சின் நல்லா ஆறுனதுக்கு அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் மேல் ஹோஸை கையில பிடிச்சேன். தெர்மோஸ்டாட் ஒழுங்கா இருந்தா ரொம்ப நேரம் அந்த ஹோஸ் ஜில்லுனுதான் இருக்கும், அப்புறம் திடீர்னு சுடும். இங்க ஸ்டார்ட் பண்ணதுல இருந்தே மெதுவா வெதுவெதுன்னு ஏறிக்கிட்டே வருது. இதுக்கு ஸ்கேனர் கூட தேவையில்ல. ஹவுசிங்கை கழட்டுனா உள்ள தெர்மோஸ்டாட்டே இல்ல. எடுத்துட்டு, கேஸ்கெட்டுக்கு பதில் சிலிக்கான் தடவி மூடியிருக்காங்க.

நம்ம ஊர்ல இது பழைய கை வைத்தியம். ஹீட் ஆகுதுன்னா முதல்ல "வால்வை எடுத்து எறி". லாரி எல்லாம் பழைய எஞ்சின்ல ஓடுன காலத்துல அது பெருசா தெரியல, கொஞ்சம் டீசல் சேத்து குடிக்கும் அவ்வளவுதான். இப்ப இருக்குற எஞ்சின்ல ரெண்டு விஷயம் மாறிப்போச்சு. ஒண்ணு நான் மேல சொன்னது, சூடு வரலன்னா பின்னாடி இருக்குற டிபிஎஃப், எஸ்சிஆர் எதுவும் வேலை செய்யாது. குளிர்ந்த எஞ்சின் ஈர விறகு மாதிரி, அடுப்பும் எரியாது வீடு பூரா புகையும் ஆகும், அந்தப் புகை பூரா டிபிஎஃப்ல போய்தான் உக்காரும். ரெண்டாவது நிறைய பேருக்கு தெரியாதது. பெரிய எஞ்சின்ங்கள்ல நிறைய தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வேலை இருக்கு, சூடான பிறகு ரேடியேட்டருக்கு வழி திறக்குறது, அதே நேரத்துல பைபாஸ் வழியை மூடுறது. அதை எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், தண்ணில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம எஞ்சினுக்குள்ளயே சுத்தும். சாதாரண ஓட்டத்துல ஜில்லுனு இருக்கும், உச்சி வெயில்ல முழு லோடுல ஏத்தம் ஏறுறப்ப முன்னைவிட ஹீட் ஆகும். வால்வை எடுத்தும் ஹீட் ஆகுதேன்னு ஹெட்டை கழட்டுன கேஸ் எல்லாம் நான் பாத்திருக்கேன்.

இதுல எனக்கு சிரிப்பு வந்த சமாச்சாரம், ஃபோர்ஸ்டு ரீஜென் அடிச்ச ஒரு இடத்துல கூலன்ட் சூடு ஏறலன்னு ரேடியேட்டர் முன்னாடி அட்டைப் பெட்டியை வெச்சு மறைச்சு சூடேத்தியிருக்காங்க, டிரைவர்தான் சொன்னான். அட்டை வைக்கத் தோணுன ஆளுக்கு ஏன் சூடு ஏறலன்னு ஒரு நிமிஷம் யோசிக்கத் தோணல.

சரி, புது தெர்மோஸ்டாட் போட்டு அனுப்பிரலாமா? அனுப்பியிருந்தா அடுத்த கத்திரில ஹீட் ஆகி வந்து நிக்கும், யாராவது மறுபடி எடுத்துருவாங்க. போன வருஷம் ஏன் ஹீட் ஆச்சுன்னு கண்டுபிடிக்காம தெர்மோஸ்டாட்டை போடுறதுல அர்த்தமே இல்ல. டிபிஎஃப் கம்ப்ளெயின்டோட வேர் ஒரு பழைய ஹீட் கம்ப்ளெயின்டுல இருக்குது, அதை மூடி மறைச்ச ரிப்பேர்தான் இதைப் பெத்துச்சு.

அதனால ஹீட்டுக்கு தனியா வேலையை ஆரம்பிச்சேன். முதல்ல பெரிய பயத்தை தீத்துக்கணும். சிஸ்டத்தை கைப்பம்புல 1 பார் ஏத்தி விட்டு வெச்சோம், இறங்கல, அப்ப ஹோஸ், வாட்டர் பம்ப், ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்கே திருப்பி விடுற புகையை ஆற வைக்குறது) எதுவும் தண்ணியை வெளிய விடல. ரேடியேட்டர் வாயில கெமிக்கல் டெஸ்டர் வெச்சு எஞ்சினை ஓட்டுனேன், நீலத் தண்ணி மஞ்சள் ஆகல, அப்ப சிலிண்டர் புகை கூலன்ட்டுக்குள்ள வரல, ஹெட் கேஸ்கெட்டும் பிரச்சனை இல்ல. அப்ப ரேடியேட்டர்தான்.

வெளிய இருந்து பாத்தா ரேடியேட்டர் பளிச்சுனு இருந்துச்சு. ஆனா முன்னாடி தெரியுறது இன்டர்கூலர் (டர்போ அனுப்புற காத்தை ஆற வைக்குறது), ரேடியேட்டர் அதுக்குப் பின்னாடி. ரெண்டுக்கும் நடுவுல விரல் நுழையுற சந்து. வாட்டர் சர்வீஸ்ல முன்னாடி இருந்து தண்ணி அடிக்க அடிக்க தூசி பூரா அந்த சந்துல போய் கெட்டியா அப்பிக்கும். இன்டர்கூலரை பிரிச்சு முன்னாடி சாய்ச்சோம். அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் ஓடுற வண்டிக்கு என்ன இருக்கும், நிலக்கரித் தூசி, சாம்பல், அதோட ஆயில் கசிவு சேந்து ரேடியேட்டர் முகத்துல பாதிக்கு மேல தார் மாதிரி பாய் விரிச்சிருக்கு. கீழ் ஓரத்துல அலுமினிய ஃபின் உப்புக் காத்துல பொடிஞ்சு கையில வருது. ஓனரைக் கூப்பிட்டு காட்டுனேன், அவர் ஒண்ணும் பேசல, போட்டோ எடுத்துக்கிட்டாரு.

க்ளீன் பண்றப்ப ஃபேன் பக்கம் இருந்து முன்பக்கம் நோக்கி காத்து அடிக்கணும், தூசி வந்த வழியாவே திரும்பப் போகணும். டீகிரீசர் ஸ்ப்ரே பண்ணி ஊற விட்டு, சாதாரண ஓஸ் தண்ணி. கன்னை கிட்ட வெச்சு அடிச்சா ஃபின் மடங்கிரும், அப்புறம் காத்தே போகாது. பொறுமையா பண்ற வேலை, பையன்கிட்ட விட்டா அரை மணில முடிச்சுட்டேன்னு வருவான், நானே நின்னு பாத்தேன்.

உள்பக்கம்? உள்ள இருந்து இறக்குன தண்ணி செம்மண் கலருல வந்துச்சு, கூலன்ட்டோட பச்சையும் இல்ல சிவப்பும் இல்ல. லைன்ல நிக்குறப்ப குறைஞ்சா வழியில எந்த போர் தண்ணி கிடைக்குதோ அதை ஊத்தியிருக்காங்க. மீஞ்சூர் சுத்து வட்டாரத்துல நிலத்தடித் தண்ணிக்குள்ள கடல் தண்ணி ஏறுனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அந்த உப்புத் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்துனா துருவும் பொறுக்கும்தான் மிச்சம். ஃப்ளஷ் பண்ணிட்டு, எஞ்சினை சூடேத்தி, இன்ஃப்ராரெட் கன்னுல ரேடியேட்டர் முகத்தை வரிசையா அளந்தேன். மேல இருந்து கீழ வரைக்கும் சீரா சூடு குறைஞ்சுக்கிட்டே வரணும். இங்க இடது கீழ் மூலைல ஒரு பட்டை மட்டும் பக்கத்தை விட 20 டிகிரி கம்மி, அந்த டியூப்ல தண்ணி ஓடல. சுமாரா அஞ்சுல ஒரு பங்கு அடைப்பு.

ஃபேன் கிளட்சும் (சூடு ஏறுனா ஃபேனைச் சுத்த வைக்குறது) பாத்தேன், ஸ்கேனர்ல கமாண்ட் கொடுத்தா பிடிக்குது, கொஞ்சம் லேட்டா பிடிக்குதோன்னு ஒரு எண்ணம் இருக்கு.

இன்டர்கூலரை கழட்டுன புண்ணியத்துல இன்னொண்ணு மாட்டுச்சு. டர்போல இருந்து இன்டர்கூலருக்கு போற ஹோஸ் வாய்ல ஆயிலும் கரியுமா ஈரம். பூஸ்ட் பிரஷர் ரீடிங்ல லோடுல இசியு கேட்டதை விட கொஞ்சம் கம்மியா வந்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சு, கோடு விழுற அளவுக்கு இல்ல, அதனால யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் மூடி போட்டு, ரெகுலேட்டர் வெச்சு 1.5 பார் காத்து ஏத்தி, சோப்புத் தண்ணி ஸ்ப்ரே பண்ணோம். கிளாம்புக்கு கீழ ஒளிஞ்சுக்கிட்டு ஒரு விரிசல், அழுத்தம் இல்லாதப்ப மூடிக்குது, அழுத்தம் வந்தா நுரை கொப்புளிக்குது. கையில அமுக்கிப் பாத்தா ஜென்மத்துக்கும் தெரியாது. காத்து வெளிய போனா எஞ்சினுக்கு காத்து பத்தாது, அதே டீசலுக்கு கரி கூடும். மூடியை மாட்டுறவங்க கவனமா இருங்க, சரியா கட்டாத மூடி அந்த அழுத்தத்துல தெறிச்சா மூஞ்சி போயிடும், முன்னாடி நிக்காதீங்க. ஹோஸ் புதுசு போட்டு ஸ்ப்ரிங் வெச்ச டி போல்ட் கிளாம்ப் போட்டாச்சு, சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப் சூட்டுல லூஸ் ஆகும். டர்போ ஷாஃப்டை ஆட்டிப் பாத்தேன், ஆட்டம் அளவுக்குள்ளதான் இருக்கு.

டிபிஎஃப்பை கழட்டி, சூளைல வெச்சு சுட்டு காத்துல ஊதி எடுக்குற இடத்துக்கு அனுப்புனேன். கரி எரியும், ஆனா ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, அதை கழட்டித்தான் எடுக்கணும், எத்தனை ரீஜென் அடிச்சாலும் போகாது. கழுவுறேன்னு கன்னுல தண்ணி அடிச்சா சாம்பல் சேறா மாறி உள்ள கெட்டியாகிடும், உள்ள இருக்குற செராமிக்கும் உடைய வாய்ப்பு இருக்கு. இது உடையாம தப்பிச்சுது. போறப்ப எடை போட்டோம், வந்தப்ப எடை போட்டோம், வித்தியாசத்தை ஓனருக்கு காட்டுனோம், இல்லன்னா க்ளீன் பண்ணாங்களா ஊதிட்டு கொடுத்தாங்களான்னு எப்படித் தெரியும்.

யூரியா ஊசி முனையில வெள்ளையா உப்புக்கட்டி மாதிரி படிஞ்சிருந்துச்சு. புகை 200 டிகிரி கூட இல்லாம யூரியா விழுந்தா அப்படித்தான் கட்டும். சூடான தண்ணில ஊற வெச்சா கரைஞ்சுடும், ஸ்க்ரூ டிரைவர் வெச்சு சுரண்ட வேண்டாம். டேங்க்ல இருந்த யூரியாவையும் ரிஃப்ராக்டோமீட்டர்ல பாத்தேன், 32.5 சதவீதம் இருக்கணும், இருந்துச்சு. அந்த நாக்ஸ் சென்சார் எதுக்கு மாத்துனாங்கன்னும் இப்ப புரிஞ்சுது, கோளாறு சென்சார்ல இல்ல, சூடு பத்தாததுல.

ஆயிலை முழுசா இறக்கிட்டு சிகே-4 ரக எஞ்சின் ஆயில் ஊத்துனோம். டிபிஎஃப் வண்டிக்கு சாம்பல் கம்மியா இருக்குற ஆயில்தான் ஊத்தணும், ஷெட்ல பீப்பால பழைய வண்டிக்கு வெச்சிருக்குறதை இதுக்கும் ஊத்துனா டிபிஎஃப் ஆயுசு பாதி.

எல்லாம் மாட்டி, தெர்மோஸ்டாட் புதுசு, கேஸ்கெட் புதுசு, கம்பெனி சொன்ன கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டர்ல கலந்து ஊத்தி, காத்தை எடுத்து, அதுக்கப்புறம்தான் ஒரு ஃபோர்ஸ்டு ரீஜென். இதை எங்க பண்றோம்ங்குறது நம்ம ஏரியால ரொம்ப முக்கியம். சைலன்சர் வாய்ல பல நூறு டிகிரில புகை வரும். மணலி ரிஃபைனரி ரோட்டுல டேங்கர் லைன் பக்கத்துலயோ, கேஸ் பிளான்ட் சுவர் ஓரமாவோ, காஞ்ச புல்லு மேலயோ நிறுத்தி ரீஜென் அடிக்கவே கூடாது. டிரைவருங்களுக்கும் சொல்லி வைக்கணும், வண்டி தானா ரீஜென் போயிட்டு இருக்குறப்ப அந்த மாதிரி இடத்துக்குள்ள நுழையணும்னா ரீஜெனை நிறுத்தி வைக்குற இன்ஹிபிட் சுவிட்ச் இருக்கு, அதைப் போட்டுட்டு உள்ள போய், வெளிய வந்து மறக்காம எடுத்துரணும். மறந்துட்டு வாரக்கணக்கா இன்ஹிபிட்லயே ஓட்டி அடைச்ச வண்டியும் வந்திருக்கு.

ட்ரையல் ரன்ல கூலன்ட் 84க்கு வந்து 88க்குள்ள நின்னுச்சு. லைன்ல நிக்குறப்ப 93 வரைக்கும் போய் ஃபேன் பிடிச்சு இறங்குச்சு. பூஸ்ட் கேட்டதும் வந்ததும் ஒண்ணா ஆச்சு. டிரைவர் முகத்துலதான் சந்தோஷமே இல்ல, "முள்ளு நடுவுல நிக்குதேணா, மறுபடி ஹீட் ஆகுமா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அவனுக்கு நடுவுல நிக்குறதுதான் சரின்னு புரிய வைக்க நான் பட்ட பாடு ஹோஸ் விரிசலைத் தேடுனதை விடப் பெருசு. கடைசில பக்கத்துல நின்ன அவங்களோட இன்னொரு வண்டில ஏத்தி உக்கார வெச்சு அதோட முள்ளைக் காட்டுனேன், அப்பதான் நம்புனான்.

ரீஜென் லைட்டு எரிஞ்சா என்ன பண்ணணும்னும் சொல்லி அனுப்புனேன். லைன்ல நிக்குறப்ப எரிஞ்சா பதற வேண்டாம், எஞ்சினை பட்டுனு ஆஃப் பண்ண வேண்டாம், அடுத்து கிடைக்குற நல்ல ரோட்டுல நிறுத்தாம ஓட்டணும். நமக்கு மீஞ்சூர்ல ஆரம்பிக்குற அவுட்டர் ரிங் ரோடு இருக்கு, நெமிலிச்சேரி வரைக்கும் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், பெருசா சிக்னல் தொல்லை இல்லாம ஒரே சீரா லோடோட போனா ரீஜென் தானா முடிஞ்சுடும். ஓனர்கிட்ட வாரத்துல ஒரு ட்ரிப் அந்தப் பக்கம் போட்டுக் கொடுங்கன்னு சொன்னேன், டீசல் கணக்கு பாத்தாரு, அப்புறம் பில் ஃபைலைப் பாத்தாரு, சரின்னாரு.

இதே மாதிரி "பழைய ரிப்பேர் பெத்த" கேஸ் இன்னொண்ணு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு டிப்பர், ரெண்டு மணி நேரம் ஓடுனா ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு போற பொதுக் குழாய்ல டீசல் அழுத்தம்) விழுந்து இழுவை போயிடும், எஸ்பிஎன் 157, எஃப்எம்ஐ 18. டீசல் ஃபில்டர் மாத்துனா சரியாகும், மறுபடி வரும். இன்ஜெக்டர்ல இருந்து டேங்குக்கு திரும்புற டீசல் அளவு பாத்தோம், எல்லாம் சமமா இருந்துச்சு, ஹை பிரஷர் பம்பும் குறை சொல்ல முடியல. பம்புக்கு முன்னாடி வேக்குவம் கேஜ் மாட்டி ஓட விட்டா, நேரம் ஆக ஆக வேக்குவம் ஏறிக்கிட்டே போகுது. டேங்க் மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு காத்தை இழுத்துக்கிட்டு உடனே சரியாச்சு. டேங்குக்கு காத்து போற பிரீதர் வாயை வெள்ளத்துக்கு அப்புறம் யாரோ தண்ணி போகக் கூடாதுன்னு எம்-சீல் வெச்சு அடைச்சு வெச்சிருக்காங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல மணலி, எண்ணூர் பக்கம் தண்ணி நின்னப்ப பயந்து பண்ண வேலை. ஃபில்டர் மாத்துறப்ப எல்லாம் கூடவே மூடியைத் திறந்து டீசல் போட்டிருக்காங்க, அதனால ஃபில்டர்தான் சரி பண்ணுச்சுன்னு நம்பிட்டாங்க.

டிரெய்லருக்கு வர்றேன். பாக்கி இருக்குறது ரெண்டு. ரேடியேட்டர்ல அந்த அடைஞ்ச டியூப் அப்படியேதான் இருக்கு, அடுத்த கத்திரிக்கு முன்னாடி கோர் மாத்தியே ஆகணும், ஓனர் பொங்கலுக்கு அப்புறம் பாக்கலாம்னு இருக்காரு. ஃபேன் கிளட்ச் மேல இருக்குற சந்தேகம் தீரல, ஆயில் சர்வீஸுக்கு வர்றப்ப எத்தனை டிகிரில பிடிக்குதுன்னு ஸ்கேனர்ல பதிவு பண்ணி பாக்கணும். அதுவரைக்கும் ஹீட் ஆகுதுன்னு வழியில எந்த ஷெட்டுல விட்டாலும் யாரும் ஹவுசிங்கைத் தொடக் கூடாதுன்னு, தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேலயே மஞ்சள் பெயின்ட்ல "உள்ளே வால்வு இருக்கு, எடுக்காதே, போன் பண்ணு"ன்னு எழுதி விட்டிருக்கேன்.